அமுதவள்ளியின் இடது மணிக்கட்டு

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் ஊறுகாய் ஜாடி செய்யும் சின்ன கம்பெனி ஒன்றில் அமுதவள்ளி வேலை பார்த்துவந்தாள். சூளையிலிருந்து வெந்து வரும் ஜாடிகளை விரலால் தட்டிப் பார்த்துப் பிரிக்கிற வேலை. நல்ல ஜாடி கணீரென்று சொல்லும். கீறல் விழுந்தது சத்தமே எழும்பாமல் அமுங்கிப்போகும். கணவன் கோவிந்தராசு அதே பேட்டையிலிருந்து சரக்கு ஏற்றிப்போகும் குட்டி யானை வண்டி ஓட்டினான். ஒரே மகளைப் பெண்ணாடத்தில் கட்டிக்கொடுத்தாயிற்று. ரயில் ஜங்ஷனுக்குப் பின்னால் ஓட்டு வீடு. இரண்டு பேருக்கும் வேலை இருந்தது, உடம்பில் நோய் இல்லை. கோடை தொடங்கிய ஒரு முற்பகல் வரைக்கும் அவர்கள் கதை அவ்வளவுதான்.

அன்றைக்குப் பெரிய ஜாடிகள் வெந்து வந்திருந்தன. ஒன்றை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினாள். தூக்கிய இடத்திலேயே அது இரண்டாகப் பிளந்தது. அடிப்பாகம் தரையில் விழுந்து நொறுங்க, மேல்பாகத்தின் விளிம்பு அவளுடைய இடது மணிக்கட்டைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போனது. வலிக்கவே இல்லை. சிவப்பாக ஒன்று எகிறி எகிறி எதிர்ச் சுவரில் அடிப்பதைப் பார்த்த பிறகுதான் அது தன் ரத்தம் என்று அவளுக்குப் புரிந்தது. கூட வேலை செய்தவர்கள் துண்டால் இறுக்கிக் கட்டி அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். அங்கே கட்டை மாற்றி, 108 வண்டியில் பாண்டிச்சேரியில் இருந்த ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

அறுவைக்கு முன்னால் டாக்டர் மர்ஜானா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். காரைக்கால்காரர், நாற்பதுக்குள் இருப்பார். பேசும்போது நோயாளியின் நல்ல கையைப் பிடித்துக்கொள்வது அவர் பழக்கம்.

“உங்க கைக்கு ரத்தம் கொண்டு போற குழாய் ரெண்டு இருக்கும்மா. கட்டை விரல் பக்கம் ஒண்ணு, சுண்டு விரல் பக்கம் ஒண்ணு. ரெண்டுமே அறுந்திருக்கு. சேர்க்கிறதுக்கு எங்ககிட்ட ரெண்டு வழி இருக்கு. முடியைவிட மெல்லிசான நூலால தைக்கிறது பழைய வழி. இன்னொண்ணு, ஊசி குத்தாம வெளியிலேருந்தே குட்டிக் குட்டி கிளிப்பால கவ்வ வைக்கிறது. ரெண்டுல எது எப்படி நிக்குதுன்னு ஒப்பிட்டுப் பார்க்கிற ஆராய்ச்சி நடக்குது. நீங்க சரின்னா ஒரு பக்கம் நூல் போடுவோம், ஒரு பக்கம் கிளிப்பு வைப்போம். வேணாம்னா ரெண்டுமே நூல்தான். வேணாம்னு சொல்றதால உங்களுக்கு எந்தக் கொறையும் வராது.”

“கையி நிக்குமா டாக்டரம்மா?”

“நிக்க வைக்கத்தான் பாக்குறோம்.”

“அப்ப எது வேணா வைங்க.”

தோளுக்கு மேலே ஊசி போட்டுக் கையை மட்டும் மரத்துப்போக வைத்தார்கள். அவள் முழித்துக்கொண்டிருந்தாள். பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் யாருடைய கையிலோ வேலை நடப்பது மாதிரி இருந்தது. பெரிய நுண்ணோக்கிக்கு அடியிலிருந்து டாக்டரின் குரல் வந்தது. “கட்டை விரல் பக்கம் நூல் முடிஞ்சுது. இப்ப சுண்டு விரல் பக்கம். கிளிப்பு குடுங்க.” அதை மட்டும் அமுதவள்ளி மனதில் பதித்துக்கொண்டாள்.

அறுந்த உறுப்பை ஒட்டியவர்களை வைப்பதற்கென்று அங்கே தனி அறை இருந்தது. குளிர்ந்தால் ரத்தக்குழாய் சுருங்கிவிடும் என்பதால் ஃபேனைக்கூட மெதுவாகத்தான் விட்டிருந்தார்கள். கைக்கு மேலே ஒரு பல்பு எரிந்தது. நர்ஸ்கள் வந்து வந்து விரல் நுனியை அழுத்தி, நிறம் திரும்புகிறதா என்று பார்த்துப் போனார்கள். டீயும் காப்பியும் கூடவே கூடாது. அறையில் இரண்டே கட்டில், நடுவில் ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கம் கொளஞ்சியப்பன் படுத்திருந்தார்.

திட்டக்குடிக்குப் பக்கத்து ஊர்க்காரர் அவர். மக்காச்சோளம் அடிக்கிற மெஷினில் வலது கை சிக்கி, முழங்கைக்குக் கீழே கிழிந்து வந்திருந்தார். காயத்தில் மண்ணும் சோளத் தூளும் அப்பியிருந்தனவாம். கிழிசல் பெரியது என்பதால் கிளிப்பு சரிப்படாது என்று எல்லாவற்றையும் நூலால்தான் தைத்திருந்தார்கள். ஏற்கெனவே அவர் உடம்பிலிருந்து நிறைய ரத்தம் போயிருந்தது. ஆனால் வாய் மட்டும் ஓயவில்லை.

“தங்கச்சி, ஒனக்காச்சும் டீ குடுக்குறாங்களா?”

“எனக்கும் இல்லண்ணே.”

“ஒரு வாய் டீ குடிச்சா செத்தா போயிடுவோம்? இவ ஆராயி இருக்குறாளே, எம் பொண்டாட்டி, போலீஸ்காரனாட்டம் ஒக்காந்துகிட்டு இருக்குறா.”

திரைக்குக் கீழே ஆராயியின் கால்கள் மட்டும் தெரியும், மெட்டி போட்ட ஒல்லியான கால்கள்.

இன்னொரு நாள் அவர் சொன்னார்: “எனக்குப் பூரா நூலு தங்கச்சி. ஒனக்குத்தான் ரெண்டு தினுசு. ஒண்ணு போனாலும் ஒண்ணு இருக்குது. நீ அதிஷ்டக்காரி.”

அமுதவள்ளி சிரித்தாள். முகத்தைச் சரியாகப் பார்க்காமலே அந்தக் குரல் அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

நடுவில் கொளஞ்சியப்பனுக்குக் காய்ச்சல் வந்தது. காயத்தின் கட்டிலிருந்து ஒரு வாடை வர ஆரம்பித்தது. மருந்தை மாற்றினார்கள், காயத்தைத் திரும்பக் கழுவினார்கள். அதற்குப் பிறகு ஒரு மதியம், பார்க்க வருகிறவர்களை விடுகிற நேரம். ஜன்னல் வழியாக நல்ல வெயில். ஆராயி கீழே போயிருந்தாள். கோவிந்தராசு இட்லி வாங்கப் போயிருந்தான். திரைக்கு அந்தப் பக்கமிருந்து அவர் சாதாரணமாகக் கேட்டார்.

“தங்கச்சி, கையெல்லாம் ஈரமா இருக்குது. தண்ணி கிண்ணி ஊத்திடிச்சா, பாரு.”

அவள் எழுந்து வலது கையால் திரையை ஒதுக்கினாள். கட்டு முழுக்கச் சிவந்து, கட்டில் ஓரமாக வழிந்து தரையில் குளமாக நின்றது. கட்டுக்கு அடியிலிருந்து புதிதாக ஒன்று பொங்கிப் பொங்கி வந்தது. அவள் கத்திக்கொண்டே வலது உள்ளங்கையை அந்த இடத்தில் வைத்து முழுப் பாரத்தையும் கொடுத்து அமுக்கினாள். கைக்கு அடியில் அது துள்ளியது. தப்பிக்கப் பார்க்கிற சின்ன உயிர் ஒன்றைப் பிடித்துவைத்திருப்பது போல இருந்தது.

கொளஞ்சியப்பன் தன் கையைப் பார்க்கவில்லை. பதறிப்போய் அவளுடைய இடது கையைத்தான் பார்த்தார். பிடிமானத்துக்காக அவள் அதைக் கட்டில் கம்பிமேல் ஊன்றியிருந்தாள்.

“கைய அசைக்காத தங்கச்சி,” என்றார். “கைய அசைக்காத. பிச்சுக்கப் போவுது.”

நர்ஸ்கள் ஓடிவந்தார்கள். மேல்கையில் பட்டை போட்டு இறுக்கி, கட்டிலோடு அவரைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். அவளுடைய உள்ளங்கைக்குக் கீழே இருந்த துள்ளல், அவர்கள் அவள் கையை விலக்குவதற்குச் சற்று முன்னாலேயே மெலிந்துவிட்டிருந்தது. தியேட்டரில் அவருக்கு இதயம் நின்றுபோனது. ரத்தம் ஏற்றியும் திரும்பவில்லை. கீழே போன ஆராயி வந்து பார்த்தபோது, கட்டில் இருந்த இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

அமுதவள்ளியின் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. கொஞ்ச நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். போகும்போது ஒரு பெண் வந்து, விரலை எப்படி மடக்க வேண்டும், எப்படி விரிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். தினமும் செய்தால்தான் விரல் வேலைக்கு வரும் என்றாள். அமுதவள்ளி தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து ஒரு தடவைகூடச் செய்யவில்லை.

பகலில்தான் அது வந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு தெரு அடங்கி, ஜங்ஷனில் வண்டி எதுவும் நிற்காத நேரத்தில், பின்னாலிருந்து யாரோ சாதாரணமாகச் சொல்வார்கள்: “தங்கச்சி, ஈரமா இருக்குது பாரு.” அவள் உடனே கட்டைப் பார்ப்பாள். காய்ந்துதான் இருக்கும். விரலை விட்டுத் தடவிப் பார்ப்பாள். முகர்ந்து பார்ப்பாள். கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திரும்பக் கட்டுவாள். ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது வலது உள்ளங்கையில் அந்தத் துள்ளல் வரும். கையை உதறுவாள், புடவையில் துடைப்பாள். ஒருமுறை பழமலைநாதர் கோயிலில் விபூதி வாங்க வலது கையை நீட்டியவள், கையில் இன்னொருவருடைய உயிர் அடித்துக்கொள்கிற மாதிரித் தோன்றவே வாங்காமலே வெளியே வந்துவிட்டாள்.

இடது கையை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். அதிலும் கட்டை விரல் பக்கத்தைத்தான் அதிகம் காத்தாள். அது நூல் பக்கம். அவருக்கும் நூல்தான். சுண்டு விரல் பக்கம் கிளிப்பு, இரும்பு மாதிரி. அது பிடித்துக்கொண்டிருக்கும் என்று நம்பினாள். படுக்கும்போது கட்டை விரல் மேலே இருக்கிற மாதிரி தலையணை வைத்துப் படுத்தாள்.

“வெரல மடக்கு அமுதா, சொல்லித்தானே அனுப்புனாங்க,” என்பான் கோவிந்தராசு.

“மடக்குனா பிச்சுக்கும்.”

“யாரு சொன்னா?”

அவள் இடது கையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொள்வாள். கொளஞ்சியப்பனின் கடைசி வார்த்தைகளை அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. சாகப்போகிற மனிதன் தன்னை விட்டுவிட்டு அவளுக்காகச் சொன்னது. அதை மீற அவளுக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்த முறை கோவிந்தராசுவோடு பாண்டிச்சேரிக்குப் போனபோது விரல்கள் கொக்கி மாதிரி வளைந்து நின்றுவிட்டிருந்தன. டாக்டர் மர்ஜானா ஒவ்வொன்றாக நீட்டிப் பார்த்தார். முகம் மாறியது.

“ரத்தம் நல்லா ஓடுதும்மா. தசைநார் ஒட்டிக்கிட்டு வருது. இப்படியே விட்டா கை உயிரோட இருக்கும், ஆனா எதையும் பிடிக்காது. ஏன் பயிற்சி செய்யல?”

அமுதவள்ளி தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்: “எது கெட்டி டாக்டரம்மா? நூலா, கிளிப்பா?”

டாக்டர் எழுந்து, “வாங்க, ரெண்டு பேரும் வாங்க,” என்று கூட்டிப்போனார்.

பின்கட்டடத்தில் ஒரு சின்ன ஆய்வுக்கூடம். ஆடு அறுக்கும் தொட்டியிலிருந்து வாங்கிவந்த ஆட்டு ரத்தக்குழாய்களை உப்புத் தண்ணீரில் போட்டுவைத்திருந்தார்கள். வெளுத்து, சமைத்த சேமியாவைவிடக் கொஞ்சம் தடித்து இருந்தன. சிலவற்றை நடுவில் வெட்டி நூலால் தைத்திருந்தார்கள், சிலவற்றைக் கிளிப்பால் சேர்த்திருந்தார்கள். தைத்தது ஒன்றை டாக்டர் எடுத்து, ஒரு முனையை அடைத்து, மறுமுனையைச் சின்ன பம்பில் மாட்டினார். பக்கத்தில் முள் வைத்த அழுத்தமானி.

“நம்ம பிரஷர் நூத்தி இருபதுன்னு சொல்வாங்கள்ல, அது இதுதான்.” முள் அங்கே வந்து நின்றது. குழாய் லேசாக உப்பியது, அவ்வளவுதான். “கோவத்துல கத்துனா, மூட்டை தூக்குனா இவ்வளவு ஏறும்.” அதற்கும் ஒன்றும் ஆகவில்லை. முள் இரண்டு மடங்கைத் தாண்டியது. ஊசி குத்திய துளை ஒன்றிலிருந்து பொட்டு மாதிரி ஒரு துளி கசிந்தது. அமுதவள்ளி கோவிந்தராசுவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். நாலு மடங்குக்கு மேலே போனபோதுதான் தையல் ஓரம் கிழிந்து, தண்ணீர் பீய்ச்சி மேஜையெல்லாம் தெறித்தது.

அடுத்தது கிளிப்பு போட்டது. அது கசியவே இல்லை. நூலைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே தாங்கியது. பிறகு ஒரு கிளிப்பு வழுக்க, பக்கத்தில் இருந்தவையும் வரிசையாகக் கழன்றுகொண்டன.

“இதுல ஒண்ணு கொஞ்சம் மேல, ஒண்ணு கொஞ்சம் கீழ. சில நாள் இது மாறியும் வரும். ஆனா ரெண்டுமே உங்க உடம்பு குடுக்கிற அழுத்தத்துக்கு ரொம்ப மேல நிக்குது. அதுவும் இது செத்த குழாய். உங்களுது உயிரோட இருக்கு, இவ்வளவு நாள்ல உள்ள தோல் மூடி இன்னும் கெட்டியாயிருக்கும். விரல மடக்கினா பிய்யாது.”

அமுதவள்ளி மேஜையில் தெறித்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“அப்ப அவருது?”

யாரைப் பற்றிக் கேட்கிறாள் என்று டாக்டருக்குத் தெரிந்தது. பம்பை நிறுத்தினார்.

“தியேட்டர்ல நான்தான் திறந்து பார்த்தேன். தையல் பிரியலம்மா. நூல் போட்டது போட்டபடி இருந்துச்சு, ஒரு முடிச்சுகூட அவிழல. சீழ் பிடிச்சு, அந்த நூல் பிடிச்சிருந்த சுவர் கரைஞ்சுபோச்சு. பிடிச்சுக்க எதுவும் இல்லாம நூல் மட்டும் நின்னுச்சு.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அத இந்த மெஷின்ல அளக்க முடியாது. நானும் அந்த ரூமுக்குப் போறப்பல்லாம் திரைக்கு அந்தப் பக்கம் பார்த்துடுவேன்.”

கண்ணால் பார்த்ததை அவள் நம்பினாள். ஆனாலும் வீட்டில் உட்கார்ந்து விரலை மடக்கப் பார்த்தால் அந்தக் குரல் தடுத்தது. கைய அசைக்காத தங்கச்சி. அழுத்தமானி காட்டிய கணக்கு அந்தக் குரலிடம் எடுபடவில்லை.

ஒரு நாள் கோவிந்தராசுவிடம் சொன்னாள்: “திட்டக்குடி பக்கம் போவணும். அந்த அக்காவ பாக்கணும்.”

தொழுதூருக்குச் சரக்கு ஏற்றிய நாளில் அவன் அவளையும் முன்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனான். பக்கத்துக் கட்டிலில் இருந்தபோது கொளஞ்சியப்பன் சொன்ன ஊர்ப் பெயர் அவளுக்கு நினைவிருந்தது. விசாரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார்கள். வெலிங்டன் ஏரித் தண்ணீர் பாயும் வயல்களைத் தாண்டி மேட்டுக்காட்டில் வீடு. ஆராயி வெளியில் சோளக்கதிரை உரித்துக்கொண்டிருந்தாள். அமுதவள்ளி முதலில் அடையாளம் கண்டது கால்களைத்தான். மெட்டி இல்லை.

“நான் பக்கத்துக் கட்டில்ல இருந்தேங்கா. அமுதவள்ளி.”

ஆராயி எழுந்தாள். வா என்றுகூடச் சொல்லாமல், “எந்தக் கையி?” என்று கேட்டாள்.

அமுதவள்ளி இடது கையை நீட்டினாள்.

“அது இல்ல. அவர அமுக்கிப் புடிச்சியாமே, அந்தக் கையி.”

வலது கையை நீட்டினாள். ஆராயி அதை வாங்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அவள் அழவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றாள். அமுதவள்ளியின் உள்ளங்கை துடித்தது. ஆராயிக்கு அது தெரிகிறதோ இல்லையோ என்று நினைத்து அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

பிறகு இருவரும் உட்கார்ந்தார்கள். கோவிந்தராசு சரக்கு இறக்க வண்டியோடு போய்விட்டிருந்தான்.

“நான் எங்க போனேன் தெரியுமா?” என்றாள் ஆராயி. “டீ குடிக்கப் போனேன். அவரு எதுருக்க குடிச்சா ஆசப்படுவாருன்னு கீழ போயி குடிச்சேன். டம்ளர வெக்கிறதுக்குள்ள எல்லாம் ஆயிப்போச்சு. அதுக்கப்புறம் டீ பக்கமே நான் போறது இல்ல.” சோளத் தோகையை மடியிலிருந்து தட்டினாள். “என்னக் கேட்டாரா?”

அமுதவள்ளி வழியெல்லாம் இந்தக் கேள்விக்குத்தான் பயந்துகொண்டு வந்தாள். ஆமாம் என்று சொல்லிவிடலாம். ஆனால் வாய் வரவில்லை.

“இல்லக்கா. ஒன்னக் கேக்கல. நேரமே இல்ல. எங் கையப் பாத்துட்டு, கைய அசைக்காத தங்கச்சி, பிச்சுக்கப் போவுதுன்னாரு. ரெண்டு வாட்டி சொன்னாரு. அதோட சரி.”

“ஒங் கையவா?”

“ஆமாக்கா. அதுலேருந்து நான் அசைக்கவே இல்ல.” கொக்கியாகிப்போன விரல்களைக் காட்டினாள். “டாக்டரம்மா மடக்கச் சொல்றாங்க. எனக்கு முடியல. அவரு சொன்னது காதுலயே நிக்குது.”

ஆராயி அந்த விரல்களைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவளுக்குச் சட்டென்று ஒரு சிரிப்பு வந்தது. தண்ணீரும் சேர்ந்து வந்தது.

“அடிப் பாவி. அவரு எல்லாருக்கும் அப்பிடித்தான். மாட்டப் புடிக்காத முட்டிடும், ஏணியில ஏறாத விழுந்துடுவ. ஒரு நாளு பொழுதுக்கும் இதான். நான் கட்டுன நாளா அவரு சொன்ன ஒண்ணக்கூட கேட்டது இல்ல. அந்த மனுசனும் அதுக்குக் கோச்சுக்கிட்டது இல்ல. நீ மட்டும் எதுக்குக் கேக்குற?”

அமுதவள்ளியின் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, விரல்களை ஒவ்வொன்றாக மெதுவாக உள்ளே தள்ளினாள். வலியில் உயிர் போனது. அமுதவள்ளி கத்தினாள். ஆராயி விடவில்லை. எதுவும் பிய்யவில்லை, எங்கும் ஈரமாகவில்லை.

அதன் பிறகு தினமும் செய்தாள். காலையிலும் மாலையிலும் அழுதுகொண்டே செய்தாள். மெல்ல மெல்ல விரல்கள் வழிக்கு வந்தன. சுண்டு விரல் மட்டும் முழுதாக மடங்கவில்லை. பேட்டையில் அவளைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். ஜாடி தூக்குகிற வேலையைக் கொடுக்காமல், வைக்கோல் சுற்றிக் கட்டும் இடத்தில் உட்காரவைத்தார்கள்.

வருசம் திரும்பியபோது ஆராய்ச்சிக்காக ஒரு ஸ்கேன் எடுக்கவேண்டும் என்று பாண்டிச்சேரியிலிருந்து கூப்பிட்டார்கள். டாக்டர் மர்ஜானாவே மணிக்கட்டில் பசையைத் தடவி, கருவியை நகர்த்தித் திரையைப் பார்த்தார். சுண்டு விரல் பக்கத்தில் நெடுநேரம் நின்றார்.

“இந்தப் பக்கம் அடைஞ்சிருக்கும்மா. கிளிப்பு போட்ட இடம். எப்பன்னு சொல்ல முடியல. போன தடவை ஓடிக்கிட்டு இருந்துச்சு.”

“பிச்சுக்கிச்சா?”

“இல்ல, பிய்யல. கெட்டியாத்தான் பிடிச்சிருக்கு. உள்ள ரத்தம் உறைஞ்சு வழி மூடிடுச்சு, எந்த முறையிலயும் சில பேருக்கு இப்படி ஆகும். பயப்படாதீங்க. நூல் போட்ட குழாய் நல்லா திறந்திருக்கு. கை முழுசும் அதுல ஓடுது. அது ஒண்ணே போதும்.”

அமுதவள்ளி வலது கை விரலை இடது சுண்டு விரல் பக்கம் வைத்துப் பார்த்தாள். அங்கே துடித்தது. அவள் குழம்பிப்போனாள்.

“இங்க அடிக்குதே டாக்டரம்மா. வருசம் பூரா ரெண்டு பக்கமும் அடிச்சுதே.”

“அடிக்கும். கட்டை விரல் பக்கத்துலேருந்து போற ரத்தம் உள்ளங்கையச் சுத்திக்கிட்டு இந்தப் பக்கம் திரும்பி வருது. நீங்க தொட்டுப் பாக்குறது அந்தத் துடிப்புதான்.”

ஆக, நம்பியிருந்த பக்கம் எப்போதோ சத்தமில்லாமல் மூடிக்கொண்டுவிட்டது. பயந்து பயந்து காத்த பக்கம்தான் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து அடித்துக்கொண்டிருந்தது. அவளுக்குச் சந்தோஷமா பயமா என்று தெரியவில்லை. ஆய்வில் எந்தப் பக்கம் ஜெயித்தது என்று கேட்டாள். இன்னும் நிறையப் பேர் கையைப் பார்க்கவேண்டும், முடிவு வர நாளாகும் என்றார் டாக்டர்.

வெளியே கோவிந்தராசு வண்டியில் காத்திருந்தான். “என்னா சொன்னாங்க?”

“ஒண்ணு அடைஞ்சிடுச்சாம். ஒண்ணு ஓடுதாம்.”

“எது ஓடுது?”

“நூலு.”

அவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தான். வடலூர் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. அவள் பக்கத்து ஜன்னல் கண்ணாடி பாதியில் சிக்கிக்கொண்டு மேலே வரவில்லை. சாரல் மடியெல்லாம் நனைத்தது. அவன் ஓரங்கட்டி நிறுத்தப்போனான். அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இரண்டு கையாலும் கண்ணாடியின் விளிம்பைப் பிடித்து முழுப் பலத்தோடு மேலே இழுத்தாள்.